மதில் தாண்டிய செருப்பு

முன்னொரு காலத்தில், கப்பலேறினாலும் சட்டென்று போய்ச் சேர முடியாத ஜப்பான் தேசத்தில், இவாசே என்றொரு சீமை இருந்தது. மலைகளுக்கு நடுவில் ஒரு கோட்டை, கோட்டையைச் சுற்றி நெல் வயல், வயலைத் தாண்டினால் பிக்குணிகளின் மடம் ஒன்று. அந்தச் சீமையை ஆண்டவர் பிரபு நொரிகசு. தகப்பனார் போருக்குப் போய்த் திரும்பி வராததால், மீசை ஒழுங்காக அரும்பும் முன்பே பட்டத்துக்கு வந்தவர்.

பிரபு என்றதும் அவர் வாயிலிருந்து வருவதெல்லாம் சட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். படை முழுவதும் மூத்த அமைச்சர் ஹந்தாயூவின் கையில் இருந்தது. எதைச் சொல்வதாக இருந்தாலும் பிரபு முதலில் ஹந்தாயூவின் முகத்தைப் பார்ப்பார். அந்த மனிதர் புருவத்தை லேசாகத் தூக்கினால் போதும், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். பாவம், பட்டம் மட்டும்தான் பிரபுவுடையது.

அந்தச் சபையில் கிஹெய் என்று ஒருவன் இருந்தான். பிரபுவின் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லிச் சிரிக்க வைப்பதுதான் அவனுக்கு உத்தியோகம். வாளும் கிடையாது, நிலமும் கிடையாது, வாய் மட்டும் உண்டு. அந்த வாயைக் கண்டாலே ஹந்தாயூவுக்கு எரியும். ஏன் எரியாது? பிரபு யாருக்கும் பயப்படாமல் இருந்த நேரம் கிஹெய் கதை சொன்ன நேரம் ஒன்றுதான். அதையும் பிடுங்கிவிட வேண்டும் என்று ஹந்தாயூ சமயம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சமயத்தைக் கிஹெய்யே கொண்டுவந்து கொடுத்தான். அந்தக் கூத்தைச் சொல்கிறேன்.

அந்த மடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. புருஷனின் கொடுமை தாங்காமல் ஓடிவரும் பெண் மடத்தின் வாசலைத் தாண்டிவிட்டால், அதற்குமேல் அவளை யாரும் தொடக்கூடாது. துரத்தி வந்தவன் வாசலிலேயே எட்டிப் பிடித்துவிட்டால்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். அவள் காலில் போட்டிருந்த செருப்பு மதிலுக்கு உள்ளே போய் விழுந்தால் போதும், அவளே உள்ளே வந்ததாக அர்த்தம். பிரபுவின் பாட்டனார் இந்த வழக்கத்துக்குத் தலைவணங்கி, 'இவாசே குலத்து வீரன் எவனும் இந்த வாசற்படியைத் தாண்ட மாட்டான்' என்று புத்தர் சந்நிதியில் சத்தியமும் செய்து கொடுத்திருந்தார்.

கிஹெய் இதை வைத்துச் சபையில் ஒரு கதை கட்டினான். உழவன் ஒருவனின் பெண்டாட்டி செருப்பை உள்ளே எறிந்துவிட்டு மடத்துக்குள் போய்விட்டாளாம். அவன் வெளியே கிடந்த மற்றொரு செருப்பை வீட்டுக்கு எடுத்துப்போய், அதற்குச் சோறு போட்டு, அதனோடு தினமும் சண்டை பிடித்து, கடைசியில் அதுவும் கோபித்துக்கொண்டு ஓடிவிட்டதாம். சபையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பெண்கள் உட்கார்ந்திருந்த மூங்கில் திரைக்குப் பின்னால் ஹந்தாயூவின் மனைவி ஒகினுவும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒகினு அவருக்கு இரண்டாம் தாரம். முதல் மனைவி கிணற்றில் தவறி விழுந்ததாகப் பேச்சு. அப்படிச் சொன்னவர் ஹந்தாயூ, மறுத்துப் பேச யாருக்குத் துணிவு வரும்? ஒகினு கோடைக்காலத்திலும் கைகளை முழுக்க மூடிக்கொண்டு நடமாடினாள். பார்த்தவர்களுக்கு விஷயம் புரிந்தது. புரிந்து என்ன, எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மறுநாள் காலை அவள் தன் வேலைக்காரக் கிழவியோடு மடத்தை நோக்கி ஓடினாள்.

வாசலுக்கு ஒரு கை தூரத்தில் ஹந்தாயூவின் ஆட்கள் அவள் கூந்தலைப் பிடித்துவிட்டார்கள். அந்த இழுபறியில் அவள் செருப்பு கழன்று விழுந்தது. கிழவிதான் அதை எடுத்து மதிலுக்கு அந்தப் பக்கம் வீசினாள். மடத்துத் தலைவி மியோஜுன் உள்ளிருந்து ஓடிவந்து ஒகினுவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கூந்தல் ஒருவன் கையில், கை இன்னொருத்தி கையில். இந்தக் கோலத்தில் வழக்கு பிரபுவிடம் போயிற்று. பிரபு பல்லக்கில் வந்து இறங்கினார், கூடவே ஹந்தாயூவும் கிஹெய்யும் வந்தார்கள்.

"செருப்பை எறிந்தது இவள் இல்லை, பிரபு. வேலைக்காரி எறிந்தாள். இவள் உடம்போ இதோ வெளியே நிற்கிறது. என் மனைவியை என்னிடம் ஒப்படைக்க உத்தரவாக வேண்டும்" என்றார் ஹந்தாயூ.

மியோஜுன் நிமிர்ந்து பார்த்தாள். "பிரபு, உங்கள் பாட்டனாரின் சமாதி இந்த மடத்துக்குள்தான் இருக்கிறது. அவர் காதில் விழும்படித் தீர்ப்புச் சொல்லுங்கள்."

பிரபு இந்தத் தடவை ஹந்தாயூவின் முகத்தைப் பார்க்கவில்லை, சமாதி இருந்த பக்கம் பார்த்துக் கும்பிட்டார். பிறகு, "எறிந்த கை யாருடையது என்பது பேச்சில்லை. செருப்பு யார் காலுடையதோ அவர் உள்ளே இருக்கிறார். உடம்பு எங்கே நின்றாலும் சரி. ஒகினு மடத்துக்குள் இருக்கிறாள்" என்றார்.

கூந்தலைப் பிடித்த கை விட்டது. ஒகினு உள்ளே போனாள், கதவு சாத்திக்கொண்டது. கிஹெய்க்கு அப்பாடா என்று இருந்தது. ஆனால் ஹந்தாயூவைத் திரும்பிப் பார்த்தான். அந்த மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பிரபுவின் தீர்ப்புக்குத் தலைவணங்குகிறேன்" என்றார் ஹந்தாயூ. திரும்பித் தன் வீரர்களிடம், "வைக்கோல் கட்டுகளைக் கொண்டுவந்து மதிலைச் சுற்றி அடுக்குங்கள்" என்றார்.

பிரபுவின் முகம் வெளுத்தது. "அமைச்சரே! சத்தியம் இருக்கிறது..."

"இருக்கிறது, பிரபு. குலத்து வீரன் எவனும் வாசற்படியைத் தாண்டக்கூடாது. ஒருவனும் தாண்ட மாட்டான். நெருப்பு தாண்டும். நெருப்பு நம் குலத்தைச் சேர்ந்ததில்லையே." ஹந்தாயூ குரலை உயர்த்தவே இல்லை. "ஊர் சிரிக்க என்னை விட்டுப் போனவளை நான் விட்டுவைத்தால், நாளைக்கு இந்தப் படையில் எவன் என்னை மதிப்பான்? என்னை மதிக்காத படை பிரபுவை எப்படிக் காப்பாற்றும்?"

அது மிரட்டல். பிரபுவுக்கும் புரிந்தது, கிஹெய்க்கும் புரிந்தது. வாளும் வில்லுமாகச் சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் ஹந்தாயூவின் ஆட்கள். பிரபு வாயைத் திறந்தார். ஹந்தாயூவின் புருவம் லேசாக உயர்ந்தது. பிரபு வாயை மூடிக்கொண்டார்.

"வேண்டுமானால் ஒரு வாய்ப்புக் கொடுக்கிறேன்" என்றார் ஹந்தாயூ, ஏதோ தர்மம் பண்ணுகிற தோரணையில். "இந்த விகடகவி சொன்ன கதைதான் என் மனைவியின் புத்தியைக் கெடுத்தது. கதை சொல்லி அனுப்பியவனே கதை சொல்லிக் கூட்டி வரட்டும். முடியாவிட்டால் முதலில் இவன் தலை உருளும், பிறகு மடம் எரியும். பிரபு ஆணையிட வேண்டும்."

பிரபு கிஹெய்யைப் பார்த்தார். என்னை மன்னித்துவிடு என்று அந்தக் கண்கள் கெஞ்சின. வாய் மட்டும் வேறு சொல்லிற்று. "கிஹெய், ஓர் ஊதுவத்தி எரிந்து முடிவதற்குள் ஒகினுவை வெளியே அழைத்து வா. இது என் ஆணை."

மணல் நிரப்பிய கிண்ணத்தில் ஊதுவத்தியைக் குத்தி வைத்தார்கள். நுனி சிவந்தது.

கிஹெய் வீரனல்ல, அதனால் வாசலைத் தாண்ட அவனுக்குத் தடையில்லை. உள்ளே போனதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். வெளியே வைக்கோல் கட்டுகள் தொப்புத் தொப்பென்று விழும் சத்தம் கேட்டது. பிக்குணிகள் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துக் கூரையில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் மரக் கட்டடம். எத்தனை வாளி ஊற்றி என்ன ஆகப்போகிறது!

ஒகினு அவன் எதிரில் வந்து நின்றாள். உதடு கிழிந்திருந்தது.

"அம்மா, அந்தக் கதையை நான் சும்மா சிரிக்கிறதுக்குத்தான் சொன்னேன்" என்றான் கிஹெய். வேறு என்ன பேசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"எனக்கு அது சிரிப்புக் கதையாப் படலை. நீங்க எனக்கு வழி சொல்றீங்கன்னு நெனச்சேன்."

கிஹெய் தலை குனிந்துகொண்டான். சிரிக்க வைத்தே வயிறு வளர்த்தவன், அந்த நேரம் அழுதுவிடுவான் போலிருந்தது.

"வெளிய நடந்ததெல்லாம் கேட்டேன். நான் வந்துடறேன்" என்றாள் ஒகினு. "ராத்திரிக்குள்ள என்னையும் கிணத்துல தள்ளிடுவாரு. பரவாயில்லை. என் ஒருத்தியால இத்தனை பேர் வேக வேண்டாம்."

"இருடி" என்று மியோஜுன் குறுக்கே வந்தாள். எண்பதைத் தொட்டிருப்பாள், குரலில் மட்டும் வயசு ஏறவில்லை. "நெருப்பைக் காட்டினா பொண்ணைத் திருப்பிக் குடுப்பாங்கன்னு ஒரு தடவை தெரிஞ்சுட்டா, அப்புறம் இந்தக் கதவு எதுக்கு? விறகுக்கு வெட்டிப் போட்டுடலாம். நீ போகக்கூடாது. ஏம்ப்பா கிஹெய், ஊர்ல பெரிய புத்திசாலின்னு பேர் வாங்கியிருக்கியே, ஏதாவது வச்சிருக்கியா இல்லையா?"

"ஒண்ணுமில்லை, தாயே."

"ஒண்ணுமேவா?"

"பயம் இருக்கு. அதுதான் நிறைய இருக்கு."

அதுதான் நிஜம். கிஹெய் மூளையைப் போட்டுக் கசக்கினான். அவளை அனுப்பினால் அவள் சாவாள். அனுப்பாவிட்டால் அத்தனை பேரும் சாவார்கள், தன் தலை முதலில் போகும். ஹந்தாயூ வழி எல்லாவற்றையும் அடைத்து வைத்திருந்தார். பிரபுவின் தீர்ப்பையும் மீறவில்லை, பாட்டனாரின் சத்தியத்தையும் மீறவில்லை. அந்தப் பாவி, பிரபு சொன்ன சொல்லின் எல்லைக்குள் நின்றுகொண்டே கழுத்தை நெரிக்கிறானே என்று கிஹெய்க்கு ஆத்திரம் பொங்கியது.

வெறுங்கையோடு வெளியே வந்தான்.

ஊதுவத்தியில் விரற்கடை நீளம்தான் மிச்சம். காற்று மடத்தின் பக்கமாக வீசிக்கொண்டிருந்தது. வீரர்கள் தீவட்டிகளை ஏற்றிக் கையில் பிடித்திருந்தார்கள். பிரபு உயரமான ஒரு பலகையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். அவருடைய செருப்புகள் பலகையின் கீழே ஜோடியாகக் கிடந்தன. கிஹெய் அங்கே போய் நெற்றி தரையில் பட விழுந்தான்.

"எங்கே அவள்?" என்றார் ஹந்தாயூ.

"வரவில்லை, ஐயா."

"வரமாட்டாள் என்கிறாயா?"

"வரச் சொல்லி நான் கேட்கவில்லை, ஐயா."

பிரபு கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஊதுவத்தியின் சாம்பல் மணலில் உதிர்ந்தது. ஒருவன் வாளை உறையிலிருந்து உருவிக்கொண்டு கிஹெய்யின் பின்னால் வந்து நின்றான். கிஹெய் தலையைத் தூக்கவில்லை. தூக்கத் தெம்பில்லை. மூக்குக்கு நேரே பிரபுவின் செருப்புகள்தான் தெரிந்தன. ஊதா நிறப் பட்டு வார், இவாசே குலத்தின் முத்திரை. சாகப்போகிறவன் எதைப் பார்ப்பது? அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சட்டென்று அவனுக்கு மூச்சு நின்றது.

"தீ வையுங்கள்!" என்றார் ஹந்தாயூ.

கிஹெய் ஒரு செருப்பை அள்ளிக்கொண்டு எழுந்து ஓடினான். பின்னால் வாள் காற்றை வெட்டிய சத்தம் அவனுக்கே கேட்டது. 'பிடி! பிடி!' என்று கூச்சல் எழுந்தது. மதிலை நெருங்கியதும் உடம்பிலிருந்த பலத்தையெல்லாம் கூட்டி எறிந்தான். செருப்பு மதில்மேல் ஓடு ஒன்றைத் தட்டி, ஒரு கணம் தயங்கி, அந்தப் பக்கம் விழுந்தது.

அவனைத் தரையில் தள்ளி முதுகில் முழங்காலை ஊன்றினார்கள். அடேயப்பா, அப்போதும் அவன் வாயை மூடவில்லை.

"பிரபு உள்ளே இருக்கிறார்!" என்று தொண்டை கிழியக் கத்தினான். "நம் பிரபு மடத்துக்குள்ளே இருக்கிறார்! பிரபு இருக்கும் கட்டடத்துக்குத் தீ வைக்கிற வீரன் யார்? முன்னால் வரட்டும்!"

தீவட்டிகள் நின்ற இடத்தில் நின்றன.

"பைத்தியக்காரா! பிரபு இதோ அமர்ந்திருக்கிறார்!" என்றார் ஹந்தாயூ.

"காலையில் ஒகினு அம்மாவும்தான் வெளியே நின்றார்கள், ஐயா. கூந்தல்கூட உங்கள் ஆள் கையில் இருந்தது. உடம்பு எங்கே நின்றாலும் சரி, செருப்பு உள்ளே இருந்தால் ஆள் உள்ளே என்று தீர்ப்பானது."

"அந்தச் செருப்பை எறிந்தது நீ! பிரபு இல்லை!"

"எறிந்த கை யாருடையது என்பது பேச்சில்லை. இதுவும் பிரபுவின் திருவாக்குத்தான், என் வாக்கு இல்லை." கிஹெய்யின் வாயில் மண் புகுந்திருந்தது. துப்பிவிட்டுப் பேசினான். "பிரபு உள்ளே இல்லையென்று சொல்லுங்கள், ஐயா. அப்படியென்றால் காலையில் பிரபு சொன்ன தீர்ப்பு பொய். குலத்தார் அத்தனை பேர் முன்னாலும் பிரபுவைப் பொய்யர் என்று சொல்லிவிடுங்கள். இல்லை, தீர்ப்பு மெய் என்றால் தீ வையுங்கள். பிரபுவை உயிரோடு கொளுத்திய அமைச்சர் என்று பேர் வாங்குங்கள். இரண்டில் எது வேண்டுமோ உங்கள் இஷ்டம்."

ஹந்தாயூ தீவட்டிகளைப் பார்த்தார், பிரபுவைப் பார்த்தார். எந்தப் பக்கம் காலை வைத்தாலும் ராஜத் துரோகம். இவரே பின்னிய வலை, இவர் காலிலேயே சுற்றிக்கொண்டது.

வீரர்களில் ஒருவன் தயங்கித் தயங்கித் தீவட்டியை வாசலோரத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினான். 'சொய்ங்' என்று சத்தம். "என்னை மன்னிச்சிடுங்க ஐயா. பிரபு உள்ளாற இருக்காருன்னா என் கை வராது. எங்க அக்காவும் அங்கதான் இருக்கா" என்றான். அவனைப் பார்த்து அடுத்தவன் அமுக்கினான். வரிசையாக எல்லாத் தீவட்டிகளும் அணைந்தன.

"பிரபு! இந்த நாயின் பேச்சை நிறுத்துங்கள்! 'நான் வெளியேதான் இருக்கிறேன்' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும்!" ஹந்தாயூவின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது.

எல்லோரும் பிரபுவைப் பார்த்தார்கள். கிஹெய்யும் தரையில் கிடந்தபடியே பார்த்தான். அவன் யோசித்து வைத்தது இவ்வளவுதான். இதற்குமேல் அவன் கையில் ஒன்றுமில்லை. பிரபு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது.

பிரபு சொல்லவும் இல்லை, மறுக்கவும் இல்லை. வெறுங்காலோடு சிலையாக உட்கார்ந்திருந்தார்.

மடத்துக் கதவு கிரீச்சிட்டுத் திறந்தது. மியோஜுன் வாசற்படிக்கு உட்புறமாக வந்து நின்றாள். ஊதா வார் வைத்த செருப்பை இரண்டு கைகளிலும் ஏந்தியிருந்தாள்.

"அடைக்கலம் தேடி வருகிறவர்களிடம் இந்த மடத்தில் ஒன்றே ஒன்றுதான் கேட்போம்" என்றாள். "உள்ளே வந்துவிட்டவரை யாரும் தொட முடியாது. அதனால் கூசாமல் உண்மையைச் சொல்லலாம். நொரிகசு, யாருக்குப் பயந்து ஓடி வந்தாய்?"

காற்றில் வைக்கோல் சரசரத்தது. தகப்பனார் போன நாளிலிருந்து அவரிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்ல அவருக்குப் பாதுகாப்பாக ஓர் இடம் இருந்ததில்லை.

அவர் கையை உயர்த்தி ஹந்தாயூவைக் காட்டினார்.

"இவருக்கு, தாயே" என்றார். "பட்டத்துக்கு வந்த நாளிலிருந்து இவருக்குத்தான்."

ஹந்தாயூவின் கை வாளின் பிடிக்குப் போயிற்று. அந்த ஓர் அசைவைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அடுத்த கணமே வில்லாளிகள் அத்தனை பேரின் அம்பும் அவரை நோக்கித் திரும்பியிருந்தது. யாரும் ஆணையிடவில்லை. பிரபு தன் வாயாலேயே பயம் என்று சொன்னதைக் கேட்டபின் அவர்களுக்கு ஆணை தேவைப்படவில்லை. தன் ஆட்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்த ஹந்தாயூ, மெல்லப் பிடியிலிருந்து கையை எடுத்தார்.

"வாளைக் கீழே வையும்" என்றார் பிரபு. சொல்ல வந்தது இப்போது பாதியில் நிற்கவில்லை. "'ஒகினு இனி எனக்கு மனைவி அல்ல' என்று இந்த வாசலில் நின்று உரக்கச் சொல்லும். பிறகு பொழுது சாய்வதற்குள் இந்தச் சீமையை விட்டுப் போய்விடும்."

ஹந்தாயூ சொன்னார். முதல் தடவை யார் காதிலும் விழவில்லை என்று மியோஜுன் மறுபடி சொல்ல வைத்தாள். கதவுக்குப் பின்னால் நின்ற ஒகினு, கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். வேலைக்காரக் கிழவி அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

எல்லாம் ஓய்ந்து கோட்டைக்குத் திரும்பும்போது, பிரபு பல்லக்கின் திரையை விலக்கிக் கிஹெய்யைப் பக்கத்தில் அழைத்தார். கிஹெய்யின் சட்டையில் முதுகுப் பக்கம் வாள் நுனி கிழித்த ஓட்டை ஒன்று இருந்தது.

"கிஹெய், உண்மையைச் சொல். அந்தச் செருப்பு மதில்மேல் தட்டியதை நான் பார்த்தேன். அது உள்ளே விழாமல் இந்தப் பக்கமே விழுந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?"

கிஹெய் திகைத்துப்போனான். அதை அவன் யோசித்துப் பார்க்கவே இல்லை. தலையைச் சொறிந்தான்.

"அதனாலென்ன, பிரபு? அதுதான் இன்னொன்று கிடந்ததே!"

பிரபு அவனை உற்றுப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். பல்லக்கு ஆடிய ஆட்டத்தில் தூக்கிகள் அதைக் கீழே இறக்கி வைக்க வேண்டியதாயிற்று. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தான் போர்த்தியிருந்த பட்டு அங்கியைக் கழற்றிக் கிழிந்த சட்டையின் மேல் தன் கையாலேயே போர்த்திவிட்டார். மடத்துக்கு எதிரிலேயே கிஹெய்க்கு ஒரு வீடும் கட்டிக் கொடுத்தார். அங்கே அவன் சொன்ன கதைகளைக் கேட்க ஒகினு மதிலுக்கு வெளியே வந்து, யாருக்கும் பயமில்லாமல் வாசலில் உட்கார்ந்து சிரித்துவிட்டுப் போவாளாம்.